வள்ளுவர் சிலை முங்குமா? காலநிலை விவாதத்தில் எதைப் பற்றித்தான் விவாதம்

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சாயக்கடையில் போன மாசம் ஒரு சண்டை. காரணம் வாட்ஸ்ஆப்பில் வந்த ஒரு வீடியோ. 2050-ல் கன்னியாகுமரி கடலுக்குள் போய்விடுமாம், வள்ளுவர் சிலையின் தலை மட்டும் வெளியே தெரியுமாம். கம்ப்யூட்டரில் வரைந்த படம், பின்னணியில் சோக வயலின். குலசேகரத்தில் ரப்பர் போட்டிருக்கும் என் சித்தப்பா மகன் அதைக் காட்டி, "பாத்தியளா, இன்னும் இருபத்தஞ்சு வருசமாக்கும்" என்றான்.

எதிர் பெஞ்சில் ரசவடை தின்றுகொண்டிருந்த பெரியவர் விடவில்லை. "எடே, நீ பேப்பர் பாக்கியது இல்லியா? கடல் நீர்மட்டம் தாழ்ந்து போச்சுன்னு சிலைக்குப் போற படகு விடல. இவனுவ ஏறுகுன்னு சொல்லுகானுவ, கடல் எறங்கில்லா போவுது!"

சாயக்காரர் என்னைப் பார்த்தார். நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவன், அதனால் இந்த மாதிரி வழக்குகளுக்கு என்னைத்தான் நாட்டாமையாக்குவார்கள். அன்றைக்குச் சாயா ஆறிப்போகும்வரை பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் சிலை. பீடம் 38 அடி, சிலை 95 அடி, மொத்தம் 133. அது நிற்கும் பாறையே கடலுக்கு மேலே எழுந்து நிற்பது. ஐ.பி.சி.சி. என்கிற பன்னாட்டு அறிவியல் குழு 2021-ல் தந்த அறிக்கைப்படி, உலகம் மிக மோசமாகப் புகை கக்கினால்கூட 2100-க்குள் கடல் மட்டம் ஏறக்கூடிய அளவு ஏறத்தாழ 63 சென்டிமீட்டரிலிருந்து 1 மீட்டர். அதாவது மூணேகால் அடி. வள்ளுவரின் பாதத்துக்கும் அது எட்டாது. அவர் நிற்பார். படகுத்துறையும், கரையோரத்து வீடுகளும், மணக்குடிக் காயலும்தான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது பெரியவர். அவர் பேப்பரில் படித்தது உண்மை. வற்றம், அதாவது கடல் இறங்குவது, கூடுதலாக இருக்கும் நாட்களில் படகு துறையை அணைய முடியாமல் சேவை நிற்கும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவில் கடல் ஒரே நாளில் பல பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. உலகக் கடல் மட்டம் வருசத்துக்கு ஏறுவதோ ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ரெண்டு அரிசி மணியை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் வருகிற உயரம். படகுத்துறையில் நின்று இதைக் கண்ணால் பார்க்க ஒருவராலும் ஆகாது. ஆனால் 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துகொண்டே வருகின்றன. தினசரி ஏற்ற இறக்கத்தையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் அன்றிலிருந்து இன்றுவரை சுமார் 10 சென்டிமீட்டர் கூடியிருக்கிறது. போன நூற்றாண்டின் முதல் எழுபது வருசத்தில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த வேகம், 2006-லிருந்து 2018 வரையிலான காலத்தில் 3.7 ஆகிவிட்டது.

ரப்பர் விலையில் இருப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கோட்டயம் விலை இன்று ரெண்டு ரூபாய் இறங்கியது என்பதால் பத்து வருசப் போக்கு இறக்கம் என்று ஒரு தோட்டக்காரரும் சொல்லமாட்டார். சித்தப்பா மகன் தலையாட்டினான். பெரியவர் ஆட்டவில்லை.

அப்படியானால் விஞ்ஞானிகள் எதைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள்? பூமி சூடாகிறதா, மனிதர்தான் காரணமா என்பது அவர்களிடையே வழக்கு முடிந்த விஷயம். இன்னும் வாய்தா போய்க்கொண்டிருப்பது எவ்வளவு சூடாகும், எவ்வளவு சீக்கிரம் என்ற ரெண்டு கேள்விகள்தான். இந்த ரெண்டுக்கும் ஒரே எண்ணில் பதில் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

பேச்சிப்பாறைக் கணக்கு

பேச்சிப்பாறை அணையின் முழு மட்டம் 48 அடி. ஐப்பசி கார்த்திகையில் தினமும் பேப்பரில் மூன்று எண் போடுவார்கள்: மட்டம் எவ்வளவு, உள்ளே வரும் வெள்ளம் எவ்வளவு, வெளியே விடுவது எவ்வளவு. நாம் பார்ப்பது மட்டத்தை. மட்டத்தைத் தீர்மானிப்பது மற்ற ரெண்டும்.

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் இப்படித்தான். தொழிற்புரட்சிக்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு இருந்தது. 1958-ல் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது சுமார் 315. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு, சிமென்ட் வழியாக வருசத்துக்குச் சுமார் 3,700 கோடி டன் உள்ளே வருகிறது. கடலும் காடும் மண்ணும் ஏறக்குறையப் பாதியை உறிஞ்சிக்கொள்கின்றன. மறுகால் வழியே போகிற வெள்ளம் மாதிரி. மீதி அணையில் நிற்கிறது.

இங்கேதான் நிறையப் பேருக்கு வழுக்கும். புகையைக் குறைத்தால் மட்டம் குறையும் என்று நினைக்கிறோம். குறையாது. வரத்து பத்தாயிரம் கன அடியிலிருந்து எட்டாயிரமாக இறங்கினாலும், வெளியே விடுவது ஐந்தாயிரம் என்றால் அணை ஏறிக்கொண்டுதான் இருக்கும், கொஞ்சம் மெதுவாக. 2020-ல் கொரோனா ஊரடங்கில் உலகத்தின் புகை ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பஸ் ஓடவில்லை, விமானம் பறக்கவில்லை. காற்றிலிருந்த கார்பன் டை ஆக்சைடு அந்த வருசமும் ஏறியது.

ஆகவே முதல் நிச்சயமின்மை வானத்தில் இல்லை, நம் கையில் இருக்கிறது. அடுத்த எண்பது வருசம் மனிதர்கள் எவ்வளவு எரிப்பார்கள் என்று எந்தக் கம்ப்யூட்டரும் சொல்லாது. அதனால் விஞ்ஞானிகள் 'இப்படி நடந்தால் இப்படி' என்று பல கதைகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். சீக்கிரமாக எரிப்பதை நிறுத்தினால் இந்த நூற்றாண்டின் கடைசியில், தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 1.4 டிகிரி கூடுதல். நடுவாக நடந்தால் 2.7. நிலக்கரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டே போனால் 4.4. வாட்ஸ்ஆப் வீடியோக்காரர்கள் எப்போதும் எடுப்பது இந்தக் கடைசி எண்ணை. அவ்வளவு நிலக்கரியை உலகம் இனி எரிக்கப்போவதில்லை, அதை வழக்கமான எதிர்காலம் என்று சொல்வது தவறு என்று காலநிலை ஆய்வாளர்களிலேயே பலர் இப்போது சொல்கிறார்கள். 2015-ல் சூட்டைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் சேர்ந்து பாரிஸ் ஒப்பந்தம் போட்ட சமயத்தில் உலகம் போய்க்கொண்டிருந்த பாதை 3 முதல் 3.5 டிகிரியை நோக்கி. இப்போதைய கொள்கைகளோ 3 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ கொண்டுவிடும் என்று கணக்கு. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் சுற்றுகிற காற்றாலைகளுக்கும் அந்த வித்தியாசத்தில் ஒரு துளி பங்கு உண்டு.

ராத்திரி மேகம், பகல் மேகம்

இனி எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாகவே போகும்.

மனிதர்கள் எவ்வளவு எரிப்பார்கள் என்று ஒரு தேவதை வந்து சொல்லிவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி தீராது. காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு ரெண்டு மடங்கானால் பூமி எத்தனை டிகிரி சூடாகும்? இதற்குக் 'காலநிலை உணர்திறன்' என்று பெயர். காலநிலை ஆய்வில் இதைவிட அதிகமாக மல்லுக்கட்டிய எண் வேறொன்று கிடையாது.

கார்பன் டை ஆக்சைடின் வேலையை மட்டும் தனியாக எடுத்தால் பதில் சுலபம். ரெண்டு மடங்குக்கு 1 டிகிரிக்குச் சற்று மேலே. இதில் பெரிய தகராறு இல்லை. தகராறு அதற்குப் பிறகு. ஒரு டிகிரி சூடானதும் பூமி சும்மா இருக்காது, பதிலுக்கு ஏதாவது செய்யும். பாடப்புத்தகத்தில் இதைப் பின்னூட்டம் என்பார்கள்.

முதல் பின்னூட்டம் நீராவி. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடும். நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. மார்த்தாண்டத்துப் புழுக்கத்தில் ஒரு ராத்திரி படுத்தவருக்கு இதை விளக்கவே வேண்டாம். பகலில் அதே சூடு அடித்த ஒரு வறண்ட ஊரில் ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வை தேடவேண்டியிருக்கும். இங்கே விசிறியும் போதாது. ஈரக்காற்று சூட்டை வெளியே விடாது. ஆகவே கார்பன் டை ஆக்சைடு தந்த ஒரு டிகிரியை நீராவி ஏறத்தாழ ரெட்டிப்பாக்கிவிடும்.

பனி உருகுவது அடுத்தது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும், உருகினால் கீழே இருக்கும் கருங்கடல் வெயிலைக் குடிக்கும். இது சீக்கிரம் புரியும், தாண்டிப் போவோம்.

உண்மையான தலைவலி மேகம். குலசேகரத்தில் சித்தப்பா வீட்டு மொட்டை மாடியில் தை மாசத்தில் படுத்திருக்கிறேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தால் விடியும்போது பல் கிடுகிடுக்கும். லேசாக மேகம் மூடியிருந்தால் வேர்க்கும். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்கள் விடியலுக்கு முன்னாலேயே எழுந்து நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவதால் இந்த வித்தியாசம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குளிர்ந்த விடியலில் பால் நன்றாக ஒழுகும், புழுக்கமான விடியலில் சீக்கிரம் உறைந்து கோடு அடைத்துக்கொள்ளும். ராத்திரி மேகம் போர்வை. அதே மேகம் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தலைக்கு மேலே வந்தால் என்ன சொல்வோம்? அப்பாடா என்போம். பகல் மேகம் குடை.

ஒரே பொருள்தான், போர்வையாகவும் குடையாகவும் இருக்கிறது. தாழ்வான, தடித்த மேகங்கள் வெயிலைத் திருப்பி அனுப்பிப் பூமியைக் குளிர்விக்கும். ரொம்ப உயரத்தில் பஞ்சைப் பிய்த்துப் போட்டது மாதிரி இருக்கும் மெல்லிய மேகங்கள் வெயிலை விட்டுவிட்டு, பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தைப் பிடித்துக்கொள்ளும். பூமி சூடாகும்போது எந்த வகை கூடும், எது குறையும், எது எங்கே நகரும்? கம்ப்யூட்டர் மாதிரிகள் பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாக வெட்டிக் கணக்குப் போடுகின்றன. பல மாதிரிகளில் ஒரு கட்டத்துக்குள் நம் மாவட்டத்தைப் போல ரெண்டு மூன்று அடங்கிவிடும். அதற்குள் ஆரல்வாய்மொழியில் காற்று வீச, பேச்சிப்பாறையில் மழை கொட்ட, கன்னியாகுமரியில் வெயில் காய, எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும். ஒவ்வொரு மேகத்தையும் தனியாகக் கணக்கிட வழியில்லாததால் தோராயமான சூத்திரம் வைக்கிறார்கள். சூத்திரத்துக்குச் சூத்திரம் விடை மாறுகிறது.

இந்த எண்ணின் கதையே சுவாரசியம். 1896-ல் ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அரீனியஸ், கம்ப்யூட்டர் இல்லாமல், கையால் மாசக்கணக்கில் கணக்குப் போட்டு, ரெண்டு மடங்குக்கு 5 முதல் 6 டிகிரி என்றார். 1979-ல் அமெரிக்காவில் ஜூல் சார்னி தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. அவர்கள் கையில் இருந்தவை முக்கியமாக ரெண்டு மாதிரிகள். ஒன்று சுகுரோ மனாபேயுடையது, பதில் சுமார் 2. இன்னொன்று ஜேம்ஸ் ஹான்சனுடையது, பதில் சுமார் 4. இரு பக்கமும் அரை டிகிரி தள்ளி 1.5 முதல் 4.5 வரை என்று எழுதினார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் 34 வருசம் கழித்து 2013-ல் வந்த ஐ.பி.சி.சி. அறிக்கையிலும் அதே 1.5 முதல் 4.5 தான்! நடுவில் ஆயிரக்கணக்கான ஆய்வுகள், பல கோடி மடங்கு வேகமான கம்ப்யூட்டர்கள். எண் சுற்றி வந்து அங்கேயே நின்றது. (மனாபேக்கு 2021-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. தொண்ணூறு வயதில்.)

2021 அறிக்கையில்தான் அது சுருங்கியது. நல்ல மதிப்பீடு 3 டிகிரி, பெரும்பாலும் 2.5-க்கும் 4-க்கும் நடுவில். மாதிரிகளை மட்டும் நம்பாமல் வேறு சாட்சிகளையும் கூப்பிட்டதால் சுருங்கியது. கடந்த 150 வருச வெப்பநிலைப் பதிவு ஒரு சாட்சி. பழங்காலம் இன்னொன்று. சுமார் 20,000 வருசத்துக்கு முன்னால் பனியுகத்தின் உச்சத்தில் பூமி தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 5 முதல் 7 டிகிரி குளிர்ந்திருந்தது. கடல் 120 மீட்டருக்கும் கீழே இருந்தது. அன்றைக்குக் காற்றில் என்ன இருந்தது, பனி எவ்வளவு இருந்தது என்பது பனிப்பாறைக்குள் சிக்கிய காற்றுக்குமிழிகளிலிருந்தும் மற்றத் தடயங்களிலிருந்தும் தெரியும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் உணர்திறன் ரொம்பக் குறைவாகவோ ரொம்ப அதிகமாகவோ இருக்க முடியாது.

120 மீட்டர் என்றதும் சாயக்கடையில் ஒருவர் குமரிக்கண்டத்தை எடுத்தார். எடுக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்தக் காலத்தில் கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் நிலம் நீண்டிருந்தது, இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம் என்பது சரி. அது கரையோர நிலத்திட்டு. அதைக் கண்டமாக்க மட்டும் என்னால் ஆகாது என்றேன். சாயாவுக்கு அவர்தான் காசு கொடுப்பதாக இருந்தது. பிறகு கொடுக்கவில்லை.

குடையை மடக்கினால்

எவ்வளவு வேகம் என்பதில் இப்போது நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள இன்னொரு பொருள் தெரிய வேண்டும். கந்தகத் தூசி.

நிலக்கரியும் கப்பல் எண்ணெயும் எரியும்போது கார்பன் டை ஆக்சைடோடு கந்தகமும் போகிறது. அது காற்றில் நுண்துகளாகி வெயிலைத் திருப்பி அனுப்பும், மேகங்களையும் வெளுப்பாக்கும். நுரையீரலுக்குக் கேடு, பூமிக்குக் குடை. எரிப்பதால் வந்த சூட்டில் ஒரு பங்கை எரிப்பதால் வந்த தூசியே இத்தனை நாள் மறைத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு பங்கு? அதுதான் சரியாக அளக்க முடியாமல் இருப்பது.

2020-லிருந்து கப்பல் எண்ணெயில் இருக்கலாம் என்ற கந்தகத்தின் அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்துவிட்டார்கள். நம் தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் ஆழ்கடலில் எந்தக் கப்பல் பாதையைப் பார்த்துப் பயப்படுகிறார்களோ, அந்தப் பாதையில் போகிற கப்பல்களுக்கும் இந்த விதி உண்டு. பிறகு 2023-ல் வெப்பம் திடீரென்று எகிறியது. 2024-ல் உலகச் சராசரி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி கூடுதல். முழு வருசமாக 1.5-ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

ஹான்சன் இப்போது எண்பது கடந்தவர். குடையை மடக்கியதால்தான் இந்த எகிறல், உணர்திறன் 3 அல்ல, 5-ஐ ஒட்டி இருக்கும், சூடாகும் வேகமே கூடிவிட்டது என்கிறார். 2023-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில் எண் 4.8. மைக்கேல் மான் போன்ற காலநிலை விஞ்ஞானிகள் ஒத்துக்கொள்ளவில்லை: சூடாவது உண்மை, ஆனால் மாதிரிகள் சொன்ன வேகத்திலேயே போகிறது, 2023-ன் எகிறலில் எல் நினோவுக்கு, அதாவது சில வருசத்துக்கு ஒருமுறை பசிபிக் கடல் சூடாவதற்கு, பெரிய பங்கு உண்டு என்கிறார்கள். ரெண்டு பேருமே நிலக்கரியை நிறுத்தச் சொல்கிறவர்கள். இது தெரியாமல், 'விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை, அப்போ எல்லாம் பொய்' என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். குழித்துறைப் பாலத்தில் வெள்ளம் எப்போது ஏறும், ராத்திரி எட்டு மணிக்கா பன்னிரண்டுக்கா என்று ரெண்டு பேர் வாதாடினால், வெள்ளமே வராது என்று மூன்றாவது ஆள் போய்ப் படுத்துக்கொள்வாரா?

பாரிஸ் ஒப்பந்தம் எல்லையாகச் சொல்லும் 1.5 டிகிரி என்பது ஒரு வருசத்தைப் பற்றியது அல்ல, ஏறத்தாழ இருபது வருசச் சராசரியைப் பற்றியது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2024-ல் தாண்டியது எச்சரிக்கை மணி. எல்லை தாண்டியாகிவிட்டது என்று அறிவிக்க இன்னும் சில வருசப் பதிவு வேண்டும். நாம் போகும் வேகத்தில் அதுவும் தூரத்தில் இல்லை.

உருளியில் பிரதமன்

கல்யாண வீட்டில் அடைப்பிரதமன் காய்ச்சும் பெரிய உருளியைப் பார்த்திருப்பீர்கள். அடுப்பில் விறகைத் தள்ளியதும் கொதிக்காது. அரைமணி ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். பிறகு விறகை வெளியே இழுத்தாலும் கொதி உடனே அடங்காது, கிண்டுகிறவர் கை ஓயாது. பூமியின் உருளி கடல். கூடுதலாகச் சேர்ந்த வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது.

இதில் நல்ல செய்தி ஒன்றும் கெட்ட செய்தி ஒன்றும் உண்டு. உலகம் முழுக்க ஒருநாள் கார்பன் டை ஆக்சைடு விடுவது சுத்தமாக நின்றால், காற்றின் சராசரி வெப்பநிலை ஏறுவதும் ஏறத்தாழ அங்கேயே நின்றுவிடும் என்கின்றன இப்போதைய கணக்குகள். கடலும் காடும் கார்பனை உறிஞ்சுவதும், உருளிக்குள் இருக்கும் சூடும் ஒன்றையொன்று ஈடு கட்டிக்கொள்ளும். இனி என்ன செய்தாலும் பிரயோஜனம் இல்லை என்ற பேச்சுக்கு இதுவே பதில். கெட்ட செய்தி கடல் மட்டம். அது நிற்காது. சூடான நீர் விரிந்துகொண்டே இருக்கும், பனி உருகிக்கொண்டே இருக்கும், நூற்றாண்டுக் கணக்கில்.

பனியிலும் ஒரு பெரிய விவாதம். மேற்கு அண்டார்டிகாவில் துவெயிட்ஸ் என்றொரு பனியாறு. அது முழுக்கச் சரிந்தால் உலகக் கடல் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். பனிச்சுவர்கள் தம் எடையைத் தாமே தாங்காமல் மளமளவென்று சரியலாம், 2100-க்குள் அண்டார்டிகாவால் மட்டுமே ஒரு மீட்டருக்கு மேல் ஏறலாம் என்று 2016-ல் ராபர்ட் டிகான்டோ, டேவிட் பொல்லார்ட் இருவரும் எழுதினார்கள். உலகமே திகிலடைந்தது. துவெயிட்ஸ் இந்த நூற்றாண்டில் அந்த மாதிரிச் சரியாது என்று 2024-ல் இன்னொரு குழு. அதனால்தான் ஐ.பி.சி.சி. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் என்று சொல்லிவிட்டு, நடக்க வாய்ப்புக் குறைவு, ஆனால் தள்ளிவிட முடியாது என்ற குறிப்போடு ரெண்டு மீட்டர் வரைக்கும் ஒரு கோடு வரைந்து வைத்திருக்கிறது.

அண்டார்டிகா எங்கே, நாம் எங்கே என்று நினைக்கலாம். பனி மலைக்கு அதன் எடையால் ஈர்ப்பு உண்டு. பக்கத்துக் கடல்நீரைத் தன்னை நோக்கி இழுத்து வைத்திருக்கும். மலை கரைந்தால் பிடி தளரும். அந்த நீர் அண்டார்டிகாவை விட்டு விலகித் தூரத்துக் கடல்களுக்கு, அதாவது நம்மைப் போல் பூமத்திய ரேகைப் பக்கம் இருப்பவர்களுக்கு வரும். உருகுவது அங்கே, சராசரிக்கு மேல் ஏறுவது இங்கே.

45 முதல் 55, இடையிடையே 65

விஞ்ஞானி ஒரு வீச்சைச் சொன்னால் நாம் ஒன்று நடுவை எடுக்கிறோம், இல்லாவிட்டால் நமக்குப் பிடித்த ஓரத்தை. சித்தப்பா மகன் மேல் ஓரத்தை எடுத்தான், பெரியவர் கீழ் ஓரத்துக்கும் கீழே போய்விட்டார். வீச்சை எப்படி வாசிப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தூத்தூர்ப் பக்கத்து நண்பர். ஆழ்கடலுக்குப் போய் வந்தவர். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை எப்படி வரும்? 'மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும் இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் காற்று வீசக்கூடும்.' இதைக் கேட்டுவிட்டு யாராவது நடு எண் 50 என்று வள்ளத்தை இறக்குவார்களா என்று கேட்டேன். "அந்த அறுபத்தஞ்சு இருக்குல்லா சாரே, அதுதான் ஆளைக் கொல்லும்" என்றார்.

2017 நவம்பர் 29, 30-ல் ஒக்கி வந்தது அப்படித்தான். இலங்கைக்கு அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, ஒரு நாளுக்குள் குமரிக் கடலிலேயே புயலாகிவிட்டது. வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கப் போனவர்கள் ஏற்கெனவே ஆழத்தில் இருந்தார்கள். வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி, தூத்தூர் என்று ஊர் ஊராகத் திரும்பி வராதவர்களின் படங்கள் கோவில் முன்னால் வைக்கப்பட்டன. ஒக்கியைக் கொண்டுவந்தது காலநிலை மாற்றம்தான் என்று ஒற்றை வரியில் சொல்வது சரியில்லை. தனி ஒரு புயலை அப்படி முத்திரை குத்த முடியாது. ஆனால் இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015 வரைக்குள் சராசரியாக 1 டிகிரி சூடாகியிருக்கிறது என்கிறது 2020-ல் வந்த புவி அறிவியல் அமைச்சக அறிக்கை. புயலுக்குத் தீனி சூடான கடல். தீனி கூடினால் சில மணி நேரத்துக்குள் பெருக்கும் புயல்களுக்கு வாய்ப்பு கூடும். எச்சரிக்கைக்குக் கிடைக்கும் நேரம் குறையும்.

காலநிலை எண்களுக்கும் அந்த '65' உண்டு. அதோடு வீச்சு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவது இல்லை. உணர்திறன் 1.5-க்குக் கீழே இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ அடைபட்டுவிட்டது, 5-க்கு மேலே இருக்கும் வாய்ப்பைச் சுத்தமாக அடைக்க முடியவில்லை. தெரியாததெல்லாம் நல்ல பக்கமே சாயும் என்று நினைப்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அதே நண்பர் பிறகு தனியாகக் கூப்பிட்டு, "சாரே, ஒரு காரியம் கேக்கட்டா? வீட்டை இடிச்சு புதுசா கெட்டப் போறேன். அப்பா காலத்து மனை, கடல்சுவருக்குப் பொறத்த. இருபது வருசக் கடன். கெட்டலாமா?" என்றார்.

டியூஷன் மாஸ்டரிடம் கேட்கிற கேள்வியா இது. ஆனாலும் கணக்குப் போட்டேன். இருபது வருசத்தில், இப்போதைய வேகத்தோடு கொஞ்சம் கூட்டி வைத்தால், 8 முதல் 10 சென்டிமீட்டர்.

"அது எம்புட்டு?"

"நாலஞ்சு விரக்கடை."

"இம்புட்டுதானா? இதுக்கா இந்தக் கிடந்து அடிக்கியானுவ?" என்று கையை நீட்டி விரலை மடக்கிப் பார்த்தார். பிறகு அவரே யோசித்தார். ஆனி ஆடியில் சுவரைத் தாண்டி வருகிற அலை முற்றத்துக்கு வருவதும் வாசல்படிக்கு வருவதும் அந்த நாலு விரக்கடையில்தான் இருக்கிறது. சுவருக்கு முன்னால் ஆழம் கொஞ்சம் கூடினாலும் அலை தூரத்திலேயே உடையாமல் பலத்தோடு கிட்டே வந்து அடிக்கும் என்று நானும் சொன்னேன். கரை போவதற்குக் கடல் மட்டம் மட்டுமே காரணம் இல்லை, எங்கெங்கே கடலுக்குள் நீளும் கல்சுவரான தூண்டில் வளைவு போட்டார்கள், எங்கே துறைமுகச் சுவர் கட்டினார்கள், எங்கே மணலெடுத்தார்கள் என்பதும் சேர்ந்தது என்று அவர் எனக்குச் சொன்னார். அதில் எனக்கு அவர்தான் வாத்தியார்.

"செரி, பேரப்பிள்ளை காலத்துல?"

2100 என்று வைத்தால் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர், அந்த '65' வந்துவிட்டால் அதற்கும் மேலே என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மனையை விட்டுப் போகிற யோசனை அவருக்கு இல்லை, வேறு மனை வாங்க வழியும் இல்லை.

போன வாரம் போன் பண்ணினார். பேஸ்மட்டத்தை ரெண்டு வரி கூடுதலாகப் போடச் சொல்லிவிட்டாராம். கொத்தனார் காரணம் கேட்டிருக்கிறார். இவர் கடல் ஏறுகிற கதையைச் சொல்ல, "கடல் ஏறுமோ என்னமோ, ரெண்டு வரி கூட்டினா கடன் ஏறும்" என்று சிரித்தாராம். கல் இறக்கியாகிவிட்டது. ரெண்டு வரியும் சேர்த்துத்தான்.